அட்வான்ஸுக்கு முன் போர்ஹோல் தாளைக் கேளுங்கள்

உப்பளத்தையும் கழிமுகத்தையும் தூர்த்து மேடாக்கிய கடலோர மனைகளை வாங்குகிறவர்கள் பட்டா பார்க்கிறார்கள், வில்லங்கம் பார்க்கிறார்கள். மண்ணைப் பற்றி மட்டும் “சாயில் டெஸ்ட் எடுத்தாச்சு சார்” என்ற ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். அந்த அறிக்கைகளில் பல, மூன்று நான்கு மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். நிலம் அதிர்ந்தால் மண் குழம்பாகுமா என்ற கேள்வியே அவற்றில் இருக்காது.

நீர் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கும்போது உள்ளே நீரழுத்தம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டுவிடும்; இதுதான் மண் திரவமாதல். வீடு சாயும், செப்டிக் டேங்க் மேலே மிதந்து வரும். ஜப்பானின் உராயாசு நகரில் கடலைத் தூர்த்த பகுதிகளுக்கு 2011 மார்ச் நிலநடுக்கத்தில் இதுதான் நேர்ந்தது. மனை விற்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போட்ட வீட்டுக்காரர்கள் 2014-இல் டோக்கியோ நீதிமன்றத்தில் தோற்றார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சென்னைக்கு ஆபத்தில்லை என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் ஏற்பட்ட நிலநடுக்கம் இங்கேயும் உணரப்பட்டது. 2002-இல் நிலநடுக்க அபாய வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

முதலில் தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டின் நகலை வாங்குங்கள். அதில் நிலத்தின் வகை இருக்கும்; புன்செய் என்று இருந்தாலும் நம்பிவிடாமல் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பாருங்கள்; தண்ணீர் நின்ற இடம் தெரிந்துவிடும்.

அடுத்து போர்ஹோல் தாள், அதாவது துளையிட்டு ஆழவாரியாக மண்ணைச் சோதித்த பதிவு. 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்பதே ‘என்’ மதிப்பு. மூன்றாம் மண்டலத்தில் நிலத்தடி நீரில் ஊறிய மணலில், தரைமட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் ஆழம் வரை இது 15-க்கும், பத்து மீட்டருக்குக் கீழே 25-க்கும் குறைந்தால் எச்சரிக்கை மணி. நீர்மட்டம் அளந்த தேதியையும் பாருங்கள். மே மாதத்தில் மூன்று மீட்டரில் இருந்த நீர், ஐப்பசி மழைக்குப் பின் காலடிக்கே வந்துவிடும். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரக்குறியீட்டைக் காட்டும் ‘ஐஎஸ் 1893 முறைப்படி மண் திரவமாதல் கணக்கீடு’ என்ற பக்கம் இல்லாவிட்டால் அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். “பைல் (ஆழ்தூண் அடித்தளம்) போட்டிருக்கோம்” என்பது பதிலாகாது. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் காண்ட்லா துறைமுகத்தில் பைல் மேல் நின்ற கோபுரமே சாய்ந்தது.

அடுக்குமாடி என்றால், அறிக்கையை விற்பனை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ரியல் எஸ்டேட் சட்டத்தின் 19-ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் உள்ள தகவலைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. இணைப்பாக இல்லாத அறிக்கைக்கு அந்தப் பிடி கிடைக்காது. பில்டர் மறுத்தால், திட்ட அனுமதி கொடுத்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ₹10 கோர்ட் ஃபீ ஸ்டாம்புடன் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுப் போட்டு, கோப்பிலுள்ள மண் ஆய்வறிக்கையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன், அட்வான்ஸுக்கு முன். கட்டுமானக் குறையைப் பில்டர் செலவில் சரிசெய்ய ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தரும் காலம் சாவி வாங்கியதிலிருந்து 5 ஆண்டுதான். நிலநடுக்கம் அதற்குள் வரும் என்று யாரும் எழுதித் தரவில்லை. பொய்யான விளம்பரத்தை நம்பி ஏமாந்தால் 12-ஆம் பிரிவின்படி வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். புகாருக்குத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் படிவம் ‘எம்’, இழப்பீட்டுக்குப் படிவம் ‘என்’. இரண்டோடும் விளம்பரத் தாளையும் ஒப்பந்தத்தில் இணைத்த மண் ஆய்வறிக்கையின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.