சம்பள வேலையை உதறிய பண்டிதர்

சுந்தரபாண்டியத்தில் இருந்து ராஜபாளையம் வழியாகத் தெற்கே போனால் தென்காசி வரும். அதன் அருகே சாம்பவர் வடகரை. 1859-ம் ஆண்டு அங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர்.

திண்டுக்கல்லில் படித்து ஆசிரியர் ஆனார். ஆனால் மனம் முழுவதும் சித்த வைத்தியத்தில்! சுருளி மலைக்குப் போய், கருணானந்தர் என்ற துறவியிடம் மூலிகை வித்தை கற்றார்.

வேதக்காரர் ஒருவர் மலைச் சாமியாரிடம் பாடம் கேட்கலாமா? சிலருக்கு இப்படித் தோன்றும். பண்டிதருக்கு அந்தக் குழப்பமே இல்லை. வித்தையைக் குருவிடம் வாங்கினார், விசுவாசத்தை விடவில்லை. பெற்ற நன்றியையும் மறைக்கவில்லை. தஞ்சாவூரில் அவர் தயாரித்த மருந்துகளுக்குக் "கருணானந்தர் சஞ்சீவி" என்றே பெயர். தோட்டத்துக்கும் கருணானந்தபுரம்!

தஞ்சையில் அவரும் மனைவியும் ஆசிரியர்கள். 1890-ல் பண்டிதர் வேலையை விட்டு முழுநேர வைத்தியர் ஆனார். மாதச் சம்பளத்தை விடுவது லேசான காரியமா? ஆனால் மருந்து நன்றாக விற்றது. செல்வம் சேர்ந்தது.

பணம் வந்ததும் கோவிலை மறப்பவர்கள் உண்டு. இவர் என்ன செய்தார் தெரியுமா? இயேசுவைப் போற்றிக் கர்நாடக ராகங்களில் கீர்த்தனைகள் எழுதினார். சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடமாக அவற்றை அச்சிட்டார்.

1912 முதல் சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். சுருதி எத்தனை என்று வித்வான்களோடு வாதாடினார். 1916-ல் பரோடா மாநாட்டில் அவர் வீட்டுப் பெண்கள் வீணையோடு பாடிக் காட்டினார்கள். மறுவருடம் "கருணாமிர்த சாகரம்" வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல்! சிலப்பதிகாரத்தை ஆதாரம் காட்டிய இசை ஆராய்ச்சி அது. இரண்டே வருடத்தில், 1919-ல், பண்டிதர் காலமானார்.