இருகைக் கத்தியும் ஒருகைக் கத்தியும்

சென்ற ஆவணி மாதத்து மாலைப்பொழுதொன்றில் எனது வீட்டு விறாந்தை மேசையின்மீது இரண்டு வில்லுக்கத்திகள் அருகருகே கிடந்தன. ஒன்று வெள்ளிபோல் ஒளிரும் மேனியது, ஒல்லியானது. மற்றையது பச்சையுங் கறுப்பும் விரவிய பிடியுடையது, நீண்டது, தடித்தது. முன்னையது என் பள்ளித் தோழருடையது. பின்னையது அவர் மைந்தனுடையது. தோழர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமுன் சுவிற்சர்லாந்துக்குப் புலம்பெயர்ந்தவர். மைந்தன் அங்கே பிறந்து, அந்நாட்டுப் பிரசையாகி, சட்டப்படி இராணுவப் பயிற்சியும் பெற்றவன். இரண்டும் அந்நாட்டுப் படைவீரர் கத்திகளே. ஒன்று பழைய வடிவம். மற்றையது புதிய வடிவம்.

"இரண்டில் எது சிறந்தது? நீரே தீர்ப்புச் சொல்லும், பண்டிதரே" என்றார் தோழர்.

"மாமா, முதலில் ஒரு கையாலே திறந்து பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ" என்றான் மைந்தன்.

இலக்கண வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லிப் பழகிய எனக்கு இது புதிய வழக்கு. அந்நாட்டிலே கத்திப் பிரியர்கள் பல்லாண்டுகளாக இதனை வாதிட்டு வருகின்றார்கள் என்றும், தம் வீட்டிலும் அது தீர்ந்தபாடில்லை என்றும் தோழர் சொன்னார். வழக்கின் வரலாற்றை அறியாமல் தீர்ப்பை அறைதல் முறையன்று. ஆதலின் வரலாற்றை முதலிற் காண்போம்.

மடக்குக் கருவி நமக்குப் புதிதன்று. ஏடெழுதிய நம் முன்னோர் மடக்கெழுத்தாணி என்று ஒன்றை வைத்திருந்தனர். பிடி ஒன்று, அதன் ஒரு புறத்தில் ஓலை வாரும் கத்தி, மறுபுறத்தில் எழுதும் ஆணி. வேலை முடிந்ததும் இரண்டும் பிடிக்குள்ளே மடங்கிவிடும். ஒருவனுடைய தொழிலுக்கு வேண்டியவற்றை ஒரு பிடிக்குள் அடக்கித் தருவதே இத்தகைய கருவியின் இலக்கணம் என்க.

சுவிற்சர்லாந்துப் படைவீரனுடைய கத்தியும் அவ்வாறு பிறந்ததே. 1889ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி அந்நாட்டுப் படைக்கு வந்தபோது, அதனைக் கழற்றித் துப்புரவு செய்வதற்குத் திருகாணி முடுக்கும் முனை ஒன்று வேண்டியதாயிற்று. தகரத்தில் அடைத்த உணவைத் திறப்பதற்கும் ஒரு கருவி வேண்டியிருந்தது. ஆகவே அலகு, தகரம் வெட்டி, திருகாணி முடுக்கி, துளையூசி என்னும் நான்கும் கருநிற மரப்பிடி ஒன்றினுள் மடங்கின. இது 1890ஆம் ஆண்டு மாதிரி எனப்படும். அக்காலத்துச் சுவிற்சர்லாந்திலே இத்துணைக் கத்திகளைச் செய்து கொடுக்கவல்ல தொழிற்சாலை இருந்திலது. முதற்றொகுதி ஜேர்மனியிலே, கத்திக்குப் பேர்போன சோலிங்கன் நகரத்திலிருந்து வந்தது.

இஃது ஒருவர் நெஞ்சை உறுத்திற்று. அவர் பெயர் கார்ல் எல்செனர். ஷ்வீஸ் மாநிலத்து ஈபாக் என்னும் ஊரிலே 1884ஆம் ஆண்டிற் கத்திப் பட்டறை தொடங்கியவர். நாட்டு வீரன் கையில் நாட்டுக் கத்தி இருத்தல் வேண்டும் என்று முயன்று, 1891ஆம் ஆண்டிலே தம் கத்திகளைப் படைக்கு முதன்முதலாக வழங்கினார். 1897ஆம் ஆண்டில் அதிகாரிகளுக்கென்று இன்னொரு கத்தியைப் பதிவுசெய்தார். அதிலே சிறிய அலகொன்றும், போத்தலின் தக்கையைத் திருகியெடுக்கும் உறுப்பும் சேர்ந்தன. இன்று உலகமெங்குங் கடைகளிற் காணப்படும் சிவப்புக் கத்தி இந்த அதிகாரிக் கத்தியின் வழிவந்தது. படைவீரன் கத்தியோ தக்கை திருகும் பாக்கியத்தை என்றும் பெற்றதில்லை.

எல்செனருடைய தாயார் பெயர் விக்ரோறியா. 1909ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், மைந்தர் அப்பெயரையே தம் தொழிலுக்குச் சூட்டினார். 1921ஆம் ஆண்டளவிலே துருப்பிடியாத உருக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. அதனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம் 'இனொக்ஸ்' என்பது. இரண்டும் புணர்ந்து 'விக்ரோறினொக்ஸ்' ஆயிற்று. தாயின் பெயரைத் துருவேறாத உருக்கோடு புணர்த்திய மகனை நினைக்கும்போது, வணிகப் பெயரிலும் ஒருவகைச் செய்யுள் இருக்கின்றது என்று எனக்குத் தோன்றும்.

மரப்பிடி போய் 1908ஆம் ஆண்டில் நார்ப்பொருட்பிடி வந்தது. 1951இல் அலகும் பிற உறுப்புகளும் துருப்பிடியா உருக்காயின. 1961இல் அலுமினியப் பிடி வந்தது. தோழருடைய கத்தி இந்த 1961ஆம் ஆண்டு மாதிரி. நீளம் 93 மில்லிமீற்றர். உறுப்புகள் பழைய நான்கே. போத்தல் மூடி திறக்கும் வேலையைத் திருகாணி முடுக்கியே சேர்த்துச் செய்யும். அலகின் அடியில் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். தாம் படையிற் சேவைசெய்த ஆண்டினது கத்தியை முதுமையிலும் சட்டைப்பையில் வைத்திருப்போர் அந்நாட்டிற் பலர்.

இவ்வாறு நாற்பத்தேழு ஆண்டு நிலைத்த கத்தியை 2008ஆம் ஆண்டிலே மாற்றினார்கள். மாற்றம் வருமுன்னரே கலக்கம் வந்தது. படைக்கு வேண்டிய கொள்வனவு பெரிதாதலின், விதிப்படி பிறநாட்டு நிறுவனங்களும் விலைகோரலாம் என்றாயிற்று. நாட்டின் சின்னமாகிய கத்தி வேற்று நாட்டிற் செய்யப்படுமோ என்று மக்கள் அஞ்சினர். முதற்கத்தி வேற்று நாட்டிற் செய்யப்பட்டதே என்பதை அப்பொழுது எத்துணைப் பேர் நினைத்தனரோ! முடிவில் ஈபாக் நிறுவனத்துக்கே அப்பணி கிடைத்தது.

வந்த கத்தியோ முந்தியதன் தம்பி போலவும் இல்லை. நீளம் 111 மில்லிமீற்றர். நிறை 131 கிராம். பழையதன் நிறைக்கு ஏறத்தாழ இருமடங்கு. அலுமினியம் போய் வழுக்காத பிளாஸ்ரிக் பிடி வந்தது. அலகிலே நீள்வட்டத் துளையொன்று. அதிலே பெருவிரலை வைத்துத் தள்ளினால் ஒரு கையாலே திறந்துவிடும். திறந்ததும் பூட்டிக்கொள்ளும். வெட்டும் விளிம்பின் ஒரு பகுதியிற் பற்கள். மரம் அரியும் வாளும், சிலுவைத் தலைத் திருகாணிக்கான முனையும் புதிதாகச் சேர்ந்தன.

கத்திப் பிரியர் இரு கட்சியாயினர்.

வேண்டாதவர் கூறுவன இவை: பை தொங்குகின்றது. பழைய கத்தி பையில் இருப்பதே தெரியாது. இது தன்னை ஓயாமல் நினைப்பூட்டுகின்றது. தேய்ந்து தேய்ந்து அழகேறும் உலோகப்பிடி எங்கே, இந்தப் பிளாஸ்ரிக் எங்கே? பற்களையுடைய விளிம்பைத் தட்டைக் கல்லிலே தீட்டமுடியாது. கயிற்றை அது நன்றாக அறுக்கும்; பழத்தையோ பிய்த்துவிடும்; தடியைச் சீவினால் வரிவரியாகக் கீறும்.

வேண்டுவோர் கூறுவன இவை: கத்தி படைவீரனுக்கா, பழந்தின்பானுக்கா? குளிரிலே கையுறை இட்ட கையால், நகம் வைக்கும் பள்ளத்தைத் தேடுவது எங்ஙனம்? மற்றைக் கை கயிற்றைப் பற்றியிருக்கலாம், காயமும் பட்டிருக்கலாம். பழைய கத்தியின் அலகு பூட்டுவதில்லை. அழுத்தும் திசை சற்றுப் பிழைத்தால் விரல்மேல் மடங்கும். அன்றியும், மறைந்திருக்கவேண்டிய வீரன் வெயிலில் மின்னும் வெள்ளிக் கத்தியை எடுத்து நீட்டலாமா?

இரு பக்கத்து வாதத்திலும் பொருள் உண்டு. புதுமைக்கு அஞ்சுவோர் என்று முன்னவரையும், புதுமைக்கு மயங்குவோர் என்று பின்னவரையும் தள்ளிவிடுதல் எளிது, நேர்மையன்று. 1978ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. பின்னர் நம் நாட்டு நூல்களிலும் அவ்வடிவங்கள் புகுந்தன. அச்சுக் கோப்போருக்கு அது பெரிய நன்மை. மாணவர்க்கும் நன்மையே. ஆயினும், இளமையிலே துதிக்கை வைத்த 'லை' எழுதிப் பழகிய என் கை, கரும்பலகையில் இன்றும் சில வேளை அவ்வாறே எழுதிவிடுகின்றது. மாணவர் சிரிப்பர். என் அறிவு புதியதை என்றோ ஏற்றுக்கொண்டது, கைதான் ஏற்கவில்லை. கையாற் பழகும் பொருள்களிலே மறுப்புச் சொல்வது பெரும்பாலும் கையே.

இதற்குமேல் இன்னொரு வாதம் உண்டு. அதனை எழுப்பியது சட்டம். 2008ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆந் திகதி முதல், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொதுவிடத்திற் கொண்டுசெல்லல் ஜேர்மனியிலே குற்றமாயிற்று. புதிய கத்தி பிறந்ததும் அதே ஆண்டிலேதான். பிரித்தானியாவிலும், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய, பூட்டாத மடக்குக் கத்தியைக் காரணங் காட்டாமல் வைத்திருக்கலாம். பூட்டுவதாயின் தக்க காரணங் காட்டவேண்டும். வீரனுடைய விரலைக் காக்கும் பூட்டு, வீதியிலே ஐயத்துக்கு இடமாகின்றது. இத்தகைய சட்டங்கள் பெருகி வருதலின், அலகே இல்லாத பைக்கருவிகளை ஆக்க முயல்வதாக விக்ரோறினொக்ஸ் நிறுவனத்தார் 2024ஆம் ஆண்டில் அறிவித்தனர். அலகில்லாததற்குக் கத்தி என்னும் பெயர் பொருந்துமா என்று என்னைக் கேட்டால், இலக்கணத்தில் இடமில்லை என்பேன்.

இவற்றையெல்லாம் கேட்டபின் தோழரை நோக்கி, "வாதங்கள் கிடக்கட்டும். உமக்கு ஏன் பழையது பிடிக்கின்றது?" என்றேன்.

அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: "நான் அங்கே போன புதிதில் உணவுச்சாலை ஒன்றிலே பாத்திரங் கழுவினேன். பாஷை தெரியாது. ஒருநாள் ஓய்வுநேரத்தில் அந்நாட்டவர் ஒருவர் அப்பிள் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு பழந் தந்தார். பிறகு தமது கத்தியைத் திருப்பி, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார். இங்கே இருந்தபோது பென்சில் சீவுங் கத்தியைக்கூடப் பையில் வைத்திருக்கப் பயந்தவன் நான். உமக்குத் தெரியுந்தானே? அன்று அதைக் கையில் வாங்கியபோது கை நடுங்கியது. முதற்சம்பளத்திலே இதனை வாங்கினேன்."

எனக்குத் தெரியும். என் தந்தையாரும் ஆசிரியர். அவரிடம் வில்லுக்கத்தி ஒன்று இருந்தது. மாணவருடைய பென்சில்களை அதனாலேயே சீவிக் கொடுப்பார். அவர் காலத்தின்பின் அது என்னிடம் வந்தது. யுத்த காலத்திலே, சோதனைச் சாவடிகளில் வரிசையாக நின்று, பையிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டவேண்டிய நாட்கள் வந்தன. ஒருநாள் இரவு அக்கத்தியைத் துணியிற் சுற்றிக் கிணற்றடி வாழைக்கருகே புதைத்தேன். பின்னர் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது வாழையும் இல்லை, அடையாளமும் இல்லை. பல இடங்களிற் கிளறிப் பார்த்தும் கத்தி அகப்படவில்லை.

அப்பொழுதுதான் பழைய கத்தியின் குணமொன்று எனக்குப் புலப்பட்டது. அதைத் திறப்பதற்கு இரண்டு கையும் வேண்டும். நகத்தைப் பள்ளத்தில் வைத்து, வில்லின் இறுக்கத்தை வென்று, மெல்ல இழுக்கவேண்டும். அந்தத் தாமதம் அருகில் இருப்பவனுக்கு ஒரு சொல் சொல்லுகின்றது: 'இதனாலே உனக்குத் தீங்கில்லை, நான் பழம் வெட்டப் போகின்றேன்.' கருவிக்கும் ஆயுதத்துக்கும் இடையிலுள்ள தூரம் சில வேளைகளில் இந்தச் சிறு தாமதமே. புதிய கத்தி அத்தூரத்தைக் குறைத்துவிட்டது. போர்வீரனுக்கு அது நன்மை. வீதியிற் செல்வோனுக்கு அப்படியன்று. ஆகவே 'பழையதா, புதியதா' என்பது கேள்வியன்று. 'யாருடைய கைக்கு, எந்த இடத்தில்' என்பதே கேள்வி.

இதனைச் சொன்னபோது மைந்தன் சிரித்தான். "மாமா, ஒன்று சொல்லட்டா? ஜேர்மனியிலே என் சிநேகிதரைப் பார்க்கப் போகும்போது என்னுடையதை வீட்டில் வைத்துவிட்டு அப்பாவின்ரையைத்தான் கொண்டுபோறனான்."

"இவன் மட்டுமா?" என்றார் தோழர். "தோட்டத்திலே கொப்பு அரிய நான் இவனுடைய வாளைத்தான் எடுப்பேன்."

தீர்ப்பு அவர்கள் வீட்டிலேயே இருந்தது. அதனைத் தேடி ஏறத்தாழ ஐயாயிரம் மைல் வந்திருக்கின்றார்கள்! நிறுவனத்தாரும் அலுமினியப் பிடியுடைய 93 மில்லிமீற்றர்க் கத்தியைப் பொதுமக்களுக்காக இன்றும் செய்து விற்கின்றார்கள். படைக்கு ஒன்று, பைக்கு ஒன்று.

புறப்படும் நாளில் தோழர் தமது வெள்ளிக் கத்தியை என் கையில் வைத்தார். வேண்டாமென்றேன். "அங்கே இன்னொன்று வாங்கலாம். உம்முடையதை எங்கே வாங்குவீர்?" என்றார்.

மறுநாட் காலை பாடசாலைக்குப் புறப்படும்போது அதனைச் சட்டைப்பையில் இட்டேன். கேற்றடியிலே கால் தானாக நின்றது. சோதனைச் சாவடி நின்ற இடம் வெறுமையாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அஃது அறிவுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. உள்ளே திரும்பிக் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன்.

மூன்றாம் நாள் எடுத்துச் சென்றேன். ஆறாம் வகுப்பிலே ஒரு பிள்ளை முனை முறிந்த பென்சிலோடு நின்றாள். இரண்டு கையாலும் கத்தியைத் திறந்தேன். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பென்சிலைச் சீவி அவள் கையிற் கொடுத்தேன்.