வருமானத்துக்கு வரியா, விற்பனைக்கு வரியா?

விற்பனை வரி நம் அங்கத்தினர்களுக்குப் புதிய சங்கதியன்று. மதுவிலக்கினால் குறைந்த வருவாயை ஈடு செய்யும் பொருட்டு, 1939-ஆம் ஆண்டில் ராஜாஜியின் மந்திரிசபை சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொணர்ந்தது. 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து சரக்கு சேவை வரி அதன் இடத்தில் இருக்கிறது. நூல் வாங்கும் நெசவாளரும் பம்புசெட் வாங்கும் விவசாயியும் அதனை அறிவர். ஆனால் இங்கே விற்பனை வரி வருமான வரியை நீக்கிவிட்டு வந்ததில்லை. அதற்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது. வருமான வரியை அடியோடு எடுத்துவிட்டு, விற்பனை வரி ஒன்றையே வைத்து நாட்டை நடத்தலாம் என்று வாதிப்போர் அமெரிக்காவில் உண்டு. அவர்களை எதிர்ப்போரில் பலர் அவர்களுடைய சொந்தக் கட்சிக்காரர்களே என்பதுதான் விசேஷம்.

அந்நாட்டில் 45 ராஜ்யங்கள் விற்பனை வரி வசூலிக்கின்றன. மத்திய சர்க்கார் வசூலிப்பதில்லை. 1913-இல் நிறைவேறிய பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தத்தின் பலத்தில் மத்திய சர்க்கார் விதிக்கும் வருமான வரியே அதன் பெரிய வருவாய். அச்சட்டம் பருத்துவிட்டது, உழைத்துச் சேமிப்பவனைத் தண்டிக்கிறது, அதிகாரிகள் குடும்பக் கணக்கைத் துருவுகிறார்கள் என்பவை பழமைவாதிகளின் பழைய குறைகள். குறையில் ஒன்றுபட்டவர்கள் பரிகாரத்தில் பிரிந்தார்கள்.

ஒரு சாரார் வருமான வரி இருக்கட்டும், எல்லோருக்கும் ஒரே விகிதமாக இருக்கட்டும் என்றார்கள். ஹால், ரபுஷ்கா என்னும் இரு அறிஞர்கள் 1981-இல் இதற்குத் திட்டம் வரைந்தனர். 1996-இல் ஸ்டீவ் ஃபோர்ப்ஸ் 17 சதவிகிதம் என்று சொல்லி ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் நின்றார். மற்றொரு சாரார் வருமான வரியே வேண்டாம், கடையில் பொருள் கைமாறும்போது வாங்கினால் போதும் என்றார்கள். 1997-இல் டிக் ஆர்மி முதல் கட்சிக்கும் பில்லி டாஸின் இரண்டாம் கட்சிக்கும் நின்று, ஊர் ஊராகச் சென்று ஒரே மேடையில் வாதிட்டனர். இருவரும் குடியரசுக் கட்சியினர்.

1999-இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஜான் லிண்டர் ‘நியாய வரி’ என்ற பெயரில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். தனிநபர் வருமான வரி, கம்பெனி வரி, சம்பளத்தில் பிடிக்கும் வரி, இறந்தோர் சொத்து வரி யாவும் நீங்கும். புதுப் பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் சில்லறை விற்பனைக்கு 23 சதவிகித வரி வரும்.

இந்த 23 என்ற எண்ணை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் 77 டாலருக்கு விற்க வேண்டிய சட்டைக்கு 23 டாலர் வரி சேர்த்து 100 வாங்குகிறார் என்று கொள்வோம். நூற்றில் 23 போகிறது என்பது மசோதாக்காரர் கணக்கு. 77-க்கு 23 என்றால் ஏறக்குறைய 30 சதவிகிதம் என்பது எதிரிகளின் கணக்கு. இரண்டும் பொய்யில்லை. வருமான வரியை மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவதால், அதனோடு ஒப்பிட 23 என்பதே சரி என்று மசோதாக்காரர் சொல்வதிலும் நியாயமுண்டு. ஆனால் நம் நாட்டுப் பில்லில் 5 சதவிகிதம் என்றால் நூறு ரூபாய்ச் சரக்குக்கு மேல் ஐந்து ரூபாய். கடையில் நிற்பவர் அறிந்த முறை அதுதான். தணிக்கைக்குப் போகும் நாம் எந்தச் சதவிகிதத்தைக் கண்டாலும், எதன் மேல் என்று முதலில் கேட்பது வழக்கம்.

சுமை யார் தலையில்? ஏழைகளைக் காக்க, வறுமைக் கோட்டளவு செலவுக்குரிய வரியை மாதந்தோறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுவது திட்டம். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். அந்தத் தொகை ஆண்டுக்கு 4,600 டாலர் என்க. 30,000 சம்பாதித்து முழுவதும் செலவிடும் குடும்பத்துக்கு வரி 6,900. கொடுத்தது போக நிகரம் 2,300. மூன்று லட்சம் சம்பாதித்து 1,20,000 மட்டும் செலவிடும் குடும்பத்துக்கு நிகரம் 23,000. இருவருக்கும் வருமானத்தில் முக்கால் பங்கு குறைய எட்டு சதவிகிதம் அல்ல, சுமார் 7.7 சதவிகிதமே. நடுவில் 80,000 சம்பாதித்து, பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக்குமாக எல்லாவற்றையும் செலவிடும் குடும்பத்துக்கோ நிகரம் 13,800. அதாவது 17 சதவிகிதத்துக்கு மேல். செல்வரின் சேமிப்பும் என்றேனும் செலவாகும், அன்று வரி வரும் என்பது ஆதரவாளர் விடை. அந்த ‘என்றேனும்’ எப்போது வருமோ! ஆயுள் முழுதும் வருமான வரி கட்டிச் சேமித்த முதியவர், அதே பணத்தைச் செலவிடும்போது மறுபடி கட்டுவார் என்ற குறையும் தீரவில்லை.

வசூலிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் சரக்கு சேவை வரியில் நூலுக்குக் கட்டியது துணிக்குக் கழிகிறது; படிக்குப் படி வசூலாவதால் கடைசிக் கடைக்காரர் மறைத்தாலும் முன்படிகளின் வரி சர்க்காரிடம் தங்கும். அமெரிக்க மசோதாவில் முழு வரியும் கடைசிப் படியில் நிற்கிறது. அங்கே பில் போடாவிட்டால் மொத்தமும் போயிற்று. 30 சதவிகிதம் என்னும்போது அந்த ஆசை சிறிதாக இராது.

ஜனாதிபதி புஷ் நியமித்த ஆலோசனைக் குழு 2005-இல் இவ்வகை வரியை ஏற்க மறுத்தது. வருமான வரிக்கு மட்டும் ஈடு செய்வதாயினும் விலையின் மேல் 34 சதவிகிதமாவது வேண்டும் என்று அது கணக்கிட்டது. ஆயினும் பழமைவாதிகளுக்குள் பெரிய அச்சம் விகிதமன்று. பதினாறாவது திருத்தம் நிற்கும்வரை வருமான வரி எந்நாளும் திரும்பலாம். அப்போது இரண்டும் தலைமேல் ஏறும். ஏழாண்டுக்குள் திருத்தம் ரத்தாகாவிட்டால் விற்பனை வரி தானே காலாவதியாகும் என்று மசோதாவில் எழுதியிருக்கிறார்கள். அதனால் அச்சம் தணியவில்லை.

2023 ஜனவரியில் பட்டி கார்ட்டர் இதே மசோதாவை மீண்டும் தாக்கல் செய்தபோது, வரிக் குறைப்புக்கென்றே இயக்கம் நடத்தும் குரோவர் நார்க்விஸ்ட் வெளிப்படையாக எதிர்த்தார். சபாநாயகர் மெக்கார்த்தியும் தமக்கு உடன்பாடில்லை என்றார். குடியரசுக் கட்சியே பெரும்பான்மையாயிருந்த அந்தப் பிரதிநிதிகள் சபையில் மசோதா வாக்கெடுப்புக்கு வரவில்லை.