கைபேசி எப்போது அலற வேண்டும்?

அமெரிக்காவில் சிறார் காணாமல் போனதாக ஆண்டுதோறும் பதிவாகும் புகார்கள் சுமார் 3.6 லட்சம். கடத்தப்பட்ட குழந்தையைத் தேட மக்களுக்கு விடுக்கப்படும், அங்கே மிகவும் பேசப்படும் ‘ஆம்பர் அலர்ட்’ அறிவிப்பு ஓராண்டில் ஒலிப்பதோ பெரும்பாலும் 200 தடவைக்கும் குறைவு. கேட்டவுடன் இது போலீஸின் மெத்தனம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கஞ்சத்தனம்தான் திட்டத்தைக் காப்பாற்றி வருகிறது.

1996 ஜனவரியில் டெக்சாஸின் ஆர்லிங்டன் நகரில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த 9 வயதுச் சிறுமி ஆம்பரை ஒருவன் தூக்கிப் போனான். கறுப்பு பிக்கப் வண்டி என்று பக்கத்தில் இருந்தவர் உடனே போலீஸுக்குச் சொன்னார். சாலையில் போகிறவர்களுக்கு அதைத் தெரிவிக்கத்தான் வழியில்லை. நான்கு நாள் கழித்து உடல் கிடைத்தது. கொலையாளி இன்றுவரை சிக்கவில்லை. புயல் வந்தால் நிகழ்ச்சியை நிறுத்தி எச்சரிக்கிற வானொலி இதையும் சொல்லலாமே என்று உள்ளூர்ப் பெண் ஒருவர் யோசனை சொல்ல, டல்லஸ் வட்டார வானொலிகளும் போலீஸும் கைகோத்தன. இதற்கு 2003-இல் சட்டமும் வந்தது. 2013 முதல் அந்தந்தப் பகுதிக் கைபேசிகளில் அறிவிப்பு தானாகவே அலறுகிறது. ஆனால் வாசலில் காவல் பலம். வயது 17 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும், கடத்தல்தான் என்று போலீஸ் நம்ப முகாந்திரம் வேண்டும், உயிராபத்து தெரிய வேண்டும், குழந்தையையோ கடத்தியவனையோ வண்டியையோ அடையாளம் காட்டும் விவரம் வேண்டும். கடைசி நிபந்தனைதான் முக்கியம் என்பேன். ‘ஒரு குழந்தையைக் காணோம்’ என்று மட்டும் சொல்லி நள்ளிரவில் பத்து லட்சம் பேரை எழுப்பினால், அவர்கள் எதைத் தேடுவார்கள்?

குற்றவியல் ஆய்வாளர் திமோதி கிரிஃபின் இந்தத் திட்டத்தையே சந்தேகிக்கிறார். வெற்றி என்று காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை பெற்றோரோ உறவினரோ கொண்டுபோன வழக்குகள், கொலைகாரனிடமிருந்து மீட்டவை அரிது என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளில் 76 சதவீதத்தினர் மூன்று மணி நேரத்துக்குள் உயிரிழந்ததாக வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலக ஆய்வு சொல்கிறது. அறிவிப்பு அதை முந்துவது கடினம். இருந்தாலும் உறவினர் கையில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்தே இல்லை என்று யார் உறுதி தர முடியும்? இன்னொரு கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: ஓர் உயிருக்காக நூறு முறை ஒலித்தால்தான் என்ன? நூறாவது முறை கேட்க ஆள் இருக்காது. கைபேசியின் அமைப்புகளுக்குள் போய் ஒலியை அணைத்துவிடுவார்கள். அறிவிப்புக்குத் தகுதி பெறாத பிள்ளைகளைத் தேடாமல் விடுவதும் இல்லை. அவர்களுக்கு வேறு தேடல் நடக்கிறது.

வடிகட்டாத அறிவிப்பு என்ன செய்யும் என்பதற்கு நாம் அமெரிக்கா போக வேண்டாம். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயதுப் பெண்மணி குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். கும்பல் அடித்தே கொன்றது. அந்தச் செய்திகளுக்குப் பின்னால் காவல் நிலையமும் இல்லை, விசாரணையும் இல்லை.

காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் வழக்காகப் பதிய வேண்டும் என்று 2013-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எனவே 24 மணி நேரம் காத்திருக்காதீர்கள்; உடனே காவல் நிலையம் போங்கள், அல்லது 1098-ஐ அழையுங்கள். ‘காணவில்லை’ என்று படம் வந்தால் தேதியும் காவல் நிலையத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.