வியாபாரி அறியாத எண்

முன்பின் அறியாத ஒருவருக்கு, அவர் முகத்தையும் காணாமல், ஒரு பொருளை விற்று அதன் கிரயத்தைத் தவறாமல் பெறுவது எப்படி என்னும் வினாவுக்கு நம் நாட்டுத் தபால் இலாகா 1877ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கண்டது. வி.பி.பி. என்று நம் பெரியோர் நாவில் சர்வ சாதாரணமாகப் புழங்கிய அந்த முறையில், தபால்காரர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பின்னரே பார்சலைக் கொடுத்தார். புத்தக வெளியீட்டாளர்களும் மருந்து வியாபாரிகளும் அதை நம்பியே வெளியூர் வாடிக்கைகளைப் பெருக்கினார்கள். வாங்குபவர் மறுத்துவிட்டால் பார்சல் திரும்பி வரும். தபால் செலவு போகும். அதற்கு மேல் நஷ்டம் இல்லை. இன்று இணையத்தில் சிறு கடை வைத்திருப்பவர் கிரெடிட் கார்டு வழியாகப் பணம் பெறும் முறையோ இதற்கு நேர்மாறானது. பொருள் புறப்படுவதற்கு முன்பே பணத்துக்கான வாக்குறுதி வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த வாக்குறுதி சில மாதங்கள் கழித்துங்கூடத் திரும்பப் பெறப்படலாம்.

தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே கிடக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993இல் ரெஜி, லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் பழங்குடி மக்களுக்காகத் தொடங்கிய வைத்தியப் பணியின் நிழலில், பிற்காலத்தில் இயற்கை விவசாயிகளின் சங்கமும், ‘போர்கை’ என்னும் லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரிக் குழுவும் வளர்ந்தன. அப்பெண்கள் ஊசியால் நாட்கணக்கில் இழைக்கும் வேலைப்பாட்டுக்கும், அம்மண்ணில் விளையும் சாமைக்கும் கேழ்வரகுக்கும் உரிய விலை கொடுக்கக் கூடியவர்களில் பெரும்பாலோர் பள்ளத்தாக்கில் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த ஊர்களிலும் இருக்கிறார்கள். இத்தகைய உற்பத்தியாளர்களுக்கும், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து புளியையோ பென்னாகரத்திலிருந்து சிறுதானியத்தையோ இணையம் வழியே விற்க நினைக்கும் எந்தக் குடும்பத்துக்கும், கார்டின் விஞ்ஞானம் தெரிந்திருப்பது அநாவசியமான ஆடம்பரம் அன்று என்பது என் உறுதியான கருத்து.

கார்டின் முகத்திலுள்ள எண், பெரும்பாலும் பதினாறு இலக்கங்கள் கொண்டது. முன்பகுதி எந்த வலையமைப்பு, எந்த வங்கி என்பதையும், நடுப்பகுதி வாடிக்கையாளரின் கணக்கையும் குறிக்கக் கடைசி இலக்கம் மட்டும் யாரையும் குறிப்பதில்லை; மற்ற இலக்கங்கள் சரியாக எழுதப்பட்டனவா என்று சாட்சி சொல்வதே அதன் பணி. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் விண்ணப்பித்து 1960இல் காப்புரிமை பெற்ற முறை அது. தருமபுரியின் பின்கோடாகிய 636701ஐக் கொண்டே அதைப் பரிசோதித்துப் பார்க்கலாம். வலக்கோடியில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது ஈரிலக்கமானால் அவ்விரண்டையும் கூட்டி ஓரிலக்கமாக்க வேண்டும். அவ்வாறு செய்தால் 1 இரண்டாகிறது, 0 அப்படியே நிற்கிறது, 7 பதினான்காகிப் பின் ஐந்தாகிறது, 6 அப்படியே, 3 ஆறாகிறது, 6 அப்படியே. மொத்தம் 25. இதைப் பத்தின் மடங்காக்க இன்னும் 5 வேண்டும். ஆகவே சாட்சி இலக்கத்துடன் கூடிய எண் 6367015. அவசரத்தில் ஒருவர் நடுவிலுள்ள 6ஐயும் 7ஐயும் இடம் மாற்றி 6376015 என்று அடித்தால், கூட்டுத்தொகை 29 ஆகிவிடுகிறது. பிழை அக்கணமே வெளிப்படுகிறது. ஓரிலக்கம் தவறினால் இம்முறை எப்போதும் கண்டுபிடிக்கும்; அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், அவை 0, 9 என்னும் ஜோடியாக இராத வரையில், கண்டுபிடித்துவிடும். ஆனால் இது கவனக்குறைவைத் தடுக்குமேயன்றித் திருடனைத் தடுக்காது.

திருடனைத் தடுப்பதற்கு வேறு கணிதம் வேண்டியிருந்தது. 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இரு அமெரிக்கர்கள், முன்பு சந்தித்திராத எந்த இருவரும் பிறர் கேட்கப் பேசிக்கொண்டே தமக்குள் ஓர் இரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று நிரூபித்தார்கள். நான்கு மூன்றுகளைப் பெருக்கினால் 81. அதைப் பகா எண்ணாகிய 17ஆல் வகுத்தால் மீதி 13. மீதியை மட்டும் வெளியே சொல்லி, எத்தனை மூன்றுகளைப் பெருக்கினோம் என்பதை மறைத்துவிட்டால், இவ்வளவு சிறிய எண்களில் அதை ஊகித்துவிடலாம். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களிலோ, உலகத்துக் கணினிகள் யாவும் கூடினாலும் பின்னோக்கிச் சென்று அதைக் கண்டறிய முடிவதில்லை. இந்தத் தத்துவமே, வளைவுகளைப் பற்றிய நுட்பமான கணிதமாக உருமாறி, இன்று வாங்குபவரின் கைப்பேசிக்கும் பணம் பெறும் பக்கத்துக்கும் இடையே ஓடும் செய்திகளைக் காக்கிறது.

அந்தப் பக்கம் யாருடையது என்பதில்தான் சிறு வியாபாரியின் க்ஷேமம் அடங்கியிருக்கிறது. முற்காலத்தில் கடைக்காரர் கார்டை ஒரு கருவியில் வைத்து அழுத்தி, கார்பன் தாளில் அதன் எண்ணைப் பதித்துக்கொண்டார். அந்தத் தாள்கள் குப்பைத் தொட்டியிலிருந்து களவாடப்பட்டன. பின்னர் எண்கள் கடைகளின் கணினிகளில் குவிந்தன. அங்கிருந்தும் களவு போயின. ஆகவே எண்ணை வியாபாரியின் கையிலிருந்து படிப்படியாக அகற்றுவதே இந்த விஞ்ஞானத்தின் போக்காக அமைந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்கீழ் இயங்கி, பல கடைகளுக்காகப் பணம் பெற்றுத் தரும் பேமென்ட் அக்ரிகேட்டர் நிறுவனத்தின் பக்கத்திலேயே வாங்குபவர் தம் எண்ணைப் பதிகிறார். அங்கிருந்து கேள்வி, வியாபாரியின் பொருட்டுப் பணம் பெறும் வங்கிக்கும், விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புக்கும், கார்டு கொடுத்த வங்கிக்கும் பிரயாணம் செய்து, சில விநாடிகளில் ‘சம்மதம்’ அல்லது ‘மறுப்பு’ என்னும் பதிலுடன் திரும்புகிறது. பணம் அப்போது நகர்வதில்லை. அத்தொகை ஒதுக்கி வைக்கப்படுகிறது. பிறகு அது, இடையில் பணத்தைப் பத்திரமாக வைக்கும் எஸ்க்ரோ கணக்கின் வழியாக, கட்டணம் கழிந்து, வியாபாரியை அடைகிறது.

2022 அக்டோபர் 1 முதல் கார்டு கொடுத்த வங்கியும் வலையமைப்பும் தவிர வேறெவரும் எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்தது. அடையாளத்துக்காகக் கடைசி நான்கு இலக்கங்களை வைத்துக்கொள்ளலாம். மீண்டும் வரும் வாடிக்கையாளருக்காக டோக்கன் என்னும் மாற்று எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். அந்த டோக்கன் அந்தக் கார்டுக்கும் அந்தக் கடைக்கும் மட்டுமே உரியது. களவு போனாலும் வேறு கடையில் செல்லாது. இந்த விதியை நான் மனமார வரவேற்கிறேன். மலையடிவாரத்தில் தானியம் விற்கும் ஒரு பெண்மணி, பெரு நிறுவனங்களாலேயே காக்க முடியாத பொக்கிஷத்துக்குக் காவல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

கட்டணத்தைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் ரூபாய்க்கு 20 ரூபாய் போகும். யு.பி.ஐ. வழியே வங்கிக் கணக்கிலிருந்து நேரே வரும் பணத்துக்கு 2020 முதல் இந்தக் கழிவு இல்லை.

பெரிய ஆபத்து சார்ஜ்பேக் என்பதே. வாங்கியவர் தம் வங்கியிடம், ‘இந்தச் செலவை நான் செய்யவில்லை’ என்றோ, ‘பொருள் வந்து சேரவில்லை’ என்றோ முறையிட்டால், பணம் வியாபாரியிடமிருந்து பின்னிழுக்கப்படும். பல காரணங்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. 2009 ஆகஸ்ட் முதல் இந்தியக் கார்டுகளுக்கு இணையத்தில் இரண்டாவது சரிபார்ப்பு, அதாவது இன்று பெரும்பாலும் ஓ.டி.பி., கட்டாயமாக்கப்பட்டதால், முதல் வகை முறையீட்டின் பாரம் பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கியின் மேல் விழுகிறது. இரண்டாவது வகையின் பாரம் வியாபாரியின் தலையிலேயே நிற்கிறது. நாட்கணக்கில் இழைத்த துணியும் போய்ப் பணமும் போவது சிறு குழுவுக்குப் பேரிடி. பில், அனுப்பிய நாளன்று எடுத்த புகைப்படம், ஸ்பீட் போஸ்ட் ரசீது, பெற்றவர் கையொப்பம் ஆகியவற்றை அரை வருஷமாவது பத்திரப்படுத்துவதைத் தவிர இதற்கு வேறு நிவாரணம் இல்லை. வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த கார்டுகளுக்கு நம் நாட்டு ஓ.டி.பி. விதி பொருந்தாது. ஆகவே சிங்கப்பூரிலிருந்தோ கனடாவிலிருந்தோ பெருந்தொகைக்கு முதல் ஆர்டர் வரும்போது, அனுப்புவதற்கு முன் வாங்குபவருடன் ஒரு முறை பேசிவிடுவது விவேகம்.

இத்தனை காப்புகளையும் ஒரு நொடியில் வீணாக்கிவிடக் கூடிய பழக்கம் ஒன்று நம் பக்கத்தில் பரவி வருகிறது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுக்கும் நல்ல வாடிக்கையாளர், பக்கத்தைத் திறந்து பதிவதற்குச் சலித்துக்கொண்டு, கார்டைப் படம் பிடித்தே அனுப்பிவிடுகிறார். அந்தப் படத்தை உடனே அழித்து, கைப்பேசியின் பேக்கப்பிலும் அது தங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, “அக்கா, கார்டு நம்பரை யாருக்கும் அனுப்பாதீங்க, நான் லிங்க் அனுப்பறேன், அதுல நீங்களே போட்டுக்குங்க” என்று விற்பவர் பதில் எழுத வேண்டும். அந்த பேமென்ட் லிங்க்கை உண்டாக்கச் சொந்த இணையதளங்கூடத் தேவையில்லை. அக்ரிகேட்டர் நிறுவனத்தில் கணக்கும், வங்கிக் கணக்கும், பான் எண்ணும் இருந்தால் கைப்பேசியிலிருந்தே அதை அனுப்பிவிடலாம்.