கிழிஞ்ச லூரை ஒட்டலாம், ஆனா மாவுக்கட்டு போடாதீங்க

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் கிழிஞ்சு போச்சு, ஒட்டிப் பயன்படுத்தலாமா?" தாராளமா ஒட்டலாம். ஆனா எதை வெச்சு ஒட்டுறோம்ங்கிறதுல ஒரு விஷயம் இருக்கு. அதை நான் விரால் மீன்கிட்ட அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன்.

செங்கல்பட்டு பக்கம் ஒரு ஏரி. ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை. நான் 450 ரூபாய் கொடுத்து வாங்கின தவளை லூர், உள்ளே வெறும் காத்து மட்டும் இருக்கிற வகை, ரெண்டாவது வாரமே வயித்துல ஓட்டை விழுந்து முழுக ஆரம்பிச்சது. விராலுக்குப் பல்லு அப்படி. வீட்டுல இருந்த சூப்பர் க்ளூவைக் கஞ்சத்தனம் பார்க்காம பூசி, காய வெச்சு எடுத்துட்டுப் போனேன். அழகா மிதந்தது. ஒரு மணி நேரத்துல விரால் மூணு தடவை அடிச்சது. மூணு தடவையும் ராடை இழுத்தா தவளை மட்டும்தான் திரும்பி வந்தது. கரையில உட்கார்ந்து பார்த்துட்டிருந்த பெரியவர் ஒருத்தர் அதை வாங்கி, கட்டைவிரலால அமுக்கிப் பார்த்தார். "என்ன தம்பி, கல்லு மாதிரி இருக்கு"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டார்.

மேட்டரே அதுதான். இந்தத் தவளையோட ரெண்டு முள்ளும் முதுகை ஒட்டிப் படுத்திருக்கும். அதனாலதான் செடியில மாட்டாம வருது. மீன் கடிச்சதும் உடம்பு அமுங்கணும். அப்போதான் முள் வெளியே நீட்டி வாயில ஏறும். சூப்பர் க்ளூ காய்ஞ்சா இறுகிடும். அதாவது, நான் ரிப்பேர் பண்ணல, தவளைக்கு மாவுக்கட்டு போட்டிருக்கேன்.

அப்போ ஒட்டின இடமும் மெத்துனு இருக்க என்ன வழி? லூர் எதுல செஞ்சதுன்னு தெரிஞ்சா வழி தானா வரும். சாஃப்ட் பிளாஸ்டிக்னு நாம சொல்றதுல பெரும்பாலானது பிவிசி. ஆமா, வீட்டுல தண்ணிக் குழாய்க்கு வர்ற அதே சரக்கு. அதோட பிளாஸ்டிசைசர்னு எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தை நிறையச் சேர்த்துச் சூடு பண்ணி அச்சுல ஊத்தினா, ஆறினதும் ரப்பர் மாதிரி வளையும். 1949-ல அமெரிக்காவுல, ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் ஊர்ல நிக் க்ரீமும் அவர் மனைவி கோஸ்மாவும் தங்களோட சமையலறையிலயே இப்படிப் பிளாஸ்டிக் புழு வார்த்தாங்க. இன்னிக்கு நாம வாங்குற பாக்கெட் எல்லாம் அந்த வழியில வந்ததுதான். நமக்கு இதுல முக்கியமான சேதி, மறுபடி சூடு காட்டினா இது மறுபடி உருகும். அந்த லூரே அதுக்குப் பசை.

புழு, மீன் வடிவ லூர்னா மூக்குலயும், முள் முதுகு வழியா வெளியே வர்ற இடத்துலயும்தான் கிழியும். முதல்ல சோப்பு போட்டுக் கழுவி நல்லா காய வையுங்க. ஈரம் இருந்தா சூட்டுல குமிழி விடும். மெல்லிசான பழைய கத்தியோ ஹேக்ஸா பிளேடோ எடுத்துச் சூடு பண்ணுங்க. கிழிசலுக்கு நடுவுல அதை வெச்சு, ரெண்டு பக்கமும் பளபளன்னு உருகின உடனே உருவிட்டு, ரெண்டையும் சேர்த்து அழுத்துங்க. இருபது வரைக்கும் எண்ணிட்டுக் குளிர்ந்த தண்ணியில போடுங்க. சால்டரிங் அயர்ன் இருந்தா இன்னும் வசதி.

பிளேடு செக்கச்செவேல்னு பழுக்கக் கூடாது. பிவிசி உருகலாம், கருகக் கூடாது. கருகினா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்துல பட்டா அது அமிலம். கண்ணு, தொண்டை, மூச்சுக்குழாய் எல்லாம் எரியும். நான் முதல் தடவை கேஸ் அடுப்புல நேரா லூரையே காட்டினேன். அன்னிக்கு முழுக்க இருமல். அம்மா என்னையும் பெட்டியையும் மொட்டை மாடிக்குத் துரத்தினாங்க. இப்போ வரைக்கும் அங்கேதான் என் ஒர்க்‌ஷாப். நீங்களும் காத்தோட்டமான இடத்துல செய்யுங்க. சமையல் பாத்திரத்தை இதுக்கு எடுக்காதீங்க.

தவளைக்கு வேற கை வேணும். தோல் மெல்லிசு, சூடான பிளேடு பட்டா ஓட்டை பெரிசாகிடும். தண்ணிக்குள்ள அமுக்கினா குமிழி எங்கே வருதுன்னு தெரியும். முள் வெளியே வர்ற துளைகள்லயும் குமிழி வரும், அதை அடைச்சுடாதீங்க. உள்ளே இருக்கிற தண்ணியைப் பிழிஞ்சு எடுத்துட்டு, பழைய லூர் துண்டு ஒண்ணை ஆணி முனையில உருக்கி, ஓட்டை மேல பொட்டு வைக்கிற மாதிரி வைங்க. அதனாலதான் கிழிஞ்ச துண்டு எதையும் நான் ஏரியில விடுறதில்ல. தண்ணிக்குள்ள அது மட்காது, ஊறி உப்பிக் கிடக்கும். மீன் விழுங்கினா அதோட வயித்துல மாட்டிக்கும். என்கிட்ட இருந்தா ஒட்டுப் போட உதவும்.

ஒரு எச்சரிக்கை. இழுத்தா பல மடங்கு நீளுற, கிழியவே கிழியாத லூர்னு விற்கிறாங்களே, அது பிவிசி இல்ல, டிபிஇ. அதையும் சாதா லூரையும் ஒரே டப்பாவுல போட்டா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கரைச்சுப் பிசுபிசுன்னு கூழாகிடும். நான் ஒரு டப்பாவையே இப்படி இழந்தேன்.

மாத்தி அமைக்கிறதுன்னா சின்னச் சின்ன வேலைதான். பாக்கெட்டுல மடங்கிப் போன வாலைக் கொதிச்ச தண்ணியில அரை நிமிஷம் போட்டு, நேரா நீட்டி, குளிர்ந்த தண்ணிக்கு மாத்தினா நிமிர்ந்துடும். புழுவோட நடுவுல முள் குத்தி ஆட்டுறவங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கிற ஹீட் ஷ்ரிங்க் டியூபைச் சின்ன வளையமா வெட்டி மாட்டி, அதுக்குக் கீழே முள்ளைக் கோர்த்துப் பாருங்க. ஒவ்வொரு கடிக்கும் புழு அறுந்து போகாது. தவளையோட நூல் காலை ஒரு விரல் அளவு குறைச்சு வெட்டினா இடமும் வலமுமா நல்லா ஆடும். ஒரே நாள்ல ரொம்ப வெட்டிடாதீங்க, திரும்ப வளராது.

என் தவளை? க்ளூ பூசின தோலை பிளேடால வெட்டி எடுத்துட்டு, பச்சைத் துண்டு ஒண்ணு உருக்கி ஒட்டினேன். மஞ்சள் வயித்துல பச்சைப் பொட்டு, பார்க்கக் கேவலமா இருக்கும். அடுத்த ஞாயித்துக்கிழமை முதல் அடியிலேயே விரால் மாட்டுச்சு. அந்தப் பெரியவர்கிட்ட காட்டலாம்னு தேடினேன், அன்னிக்கு அவர் வரல.