பாவமும் கடனும்: கண்டி மலையகத்திற் கிறிஸ்தவ மன்னிப்புக் கோட்பாடு

பாவமன்னிப்பு என்னும் கோட்பாட்டை இறையியலாளர்க்கே உரியதெனக் கருதி விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. சமயத்தை 'அபின்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டு அப்பாற் செல்லும் முற்போக்காளர் சிலரும் இதற்கு விலக்கல்லர். 1844இல் வெளிவந்த மார்க்ஸின் அப்பந்தியை முழுமையாக வாசிப்போர், சமயத் துயரத்தை அவர் மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான மறுப்பாகவும் ஒருசேரக் கண்டார் என்பதை அறிவர். மன்னிப்புக் கோட்பாட்டின் இவ்விரு முகங்களையும் காண்பதற்குக் கண்டி நகரும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களும் ஏற்ற களமாகும்.

தமிழ் மரபிற் பாவம் என்பது புண்ணியத்தின் எதிரிணை. செய்தவன் நுகர்ந்து கழிக்கவேண்டிய வினை. சைவத்தில் இறையருள் வினையை அறுக்கும். கண்டியின் பெரும்பான்மைச் சமயமாகிய பௌத்தத்திலோ வினையை மன்னிப்பதற்கென ஒருவரும் இலர். கிறிஸ்தவத்திற் பாவம் என்பது மனிதன் இறைவனோடும் அயலானோடும் கொண்டிருந்த உறவின் முறிவு. தன் முயற்சியால் மட்டும் அதனை அவன் சீர்செய்ய இயலாது. கிறிஸ்துவின் சிலுவைப்பாட்டின் பொருட்டு அது விலையின்றி மன்னிக்கப்படுகிறது. திருமுழுக்கின் நீர் அக்கழுவுதலின் அடையாளம். கத்தோலிக்கர் மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம் என்பவற்றைக் குருவின் வழியாக நிறைவேற்றுவர். சீர்திருத்தச் சபையினர் மனந்திரும்பி இறைவனிடம் நேரே அறிக்கையிடுவர். தமிழில் அச்சேறிய மிக முந்திய நூல்களுள் ஒன்றான 'கொம்பெசியொனாயரு' (1580, கொச்சி) பாவசங்கீர்த்தனம் பற்றியதே. என்றீக்கே என்றீக்கஸ் அடிகளாரின் இந்நூலை நமது உரைநடை வரலாற்றாசிரியர் வெறும் அச்சுப் புதுமையாகக் குறிப்பிட்டு நகர்ந்துவிடுகின்றனர். தனிமனிதன் தன் அகத்தைத் தானே விசாரணைக்குட்படுத்தும் மொழியொன்று தமிழுக்கு வந்த வழிகளுள் அதுவும் ஒன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

கண்டியில் இக்கோட்பாடு முதலில் அதிகாரத்தின் துணையோடு காலூன்றவில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவையிலிருந்து மாறுவேடத்தில் வந்தவர் யோசவ் வாஸ் அடிகளார். 1692இல் கண்டியை அடைந்த அவர் போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தின்பேரிற் சிறைவைக்கப்பட்டார். 1697இல் நகரில் அம்மைநோய் பரவியபோது, உறவினராலும் கைவிடப்பட்ட நோயாளரை அவர் தம் கையாற் பேணினார். 1711இற் கண்டியிலேயே இறந்த அவருக்கு 2015இற் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. கோவைப் பிராமணக் குடும்பத்திற் பிறந்த ஒருவர் நோயுற்ற உடல்களைத் தொட்டுக் கழுவினார் என்பதே எமது கவனத்திற்குரியது. தீட்டு சிலர்க்குப் பிறப்பால் ஏற்றப்படுவது. எந்நீராலும் போகாதெனக் கொள்ளப்படுவது. கிறிஸ்தவம் கூறும் பாவமோ அரசனுக்கும் அடிமைக்கும் பொது, கழுவப்படக் கூடியது. எல்லாரும் பாவிகள் என்னும் கூற்று சாதியச் சமூகத்தில் ஒரு சமத்துவப் பிரகடனமாகவும் ஒலித்திருக்க வேண்டும். (சபைகளுக்குள்ளேயே சாதி நிலைத்துநின்ற கதை தனியே ஆராயப்பட வேண்டியது.) அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' இயேசுவின் பாடுகளைச் சொல்லிக் கேட்போரைத் தம் பாவங்களுக்காக அழவைப்பது. அவ்வழுகை தனியறையில் அன்றி, தவக்காலத்தில் ஊர்கூடி அழும் அழுகையாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை முற்றாக மாறியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிக் குடியானவரின் பொதுநிலங்களைக் கோப்பித் தோட்டங்களாக்க வழிசெய்தது. அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1854இல் அவர்களுக்கெனத் தொடங்கப்பட்ட 'தமிழ்க் கூலி மிஷன்' தோட்டத் துரைமாரின் பண உதவியோடு இயங்கியது. உபதேசியார் லயங்களுக்குச் சென்று போதித்தனர். குடி, களவு, பொய், விக்கிரக வணக்கம் ஆகியன தொழிலாளரின் பாவங்களாக எண்ணப்பட்டன. பள்ளிகள் எழுத்தறிவைத் தந்தன என்பதை மறுப்பது நேர்மையாகாது. எனினும் எப்பாவம் பேசப்பட்டது என்பதைப் போலவே எது பேசப்படாது விடப்பட்டது என்பதும் நோக்கற்பாலது.

பேசப்படாது விடப்பட்டது கடன். தொழிலாளி ஊரிலிருந்து புறப்படும்போதே கங்காணியின் முன்பணத்திற்குக் கடனாளியானான். வழிச்செலவும் அரிசியும் அக்கணக்கில் ஏறின. கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், குறித்த தொகை செலுத்தப்பட்டால் இவர்களை விடுவிப்பேன் எனத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே 'துண்டு' எனப்பட்டது. புதிய துரை அத்தொகையைக் கொடுக்க, கடன் ஆட்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விலையின்றிக் கிடைக்கும் மன்னிப்பைப் பற்றி ஞாயிறுதோறும் கேட்டவன், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிய தொகை கட்டப்படாமல் தோட்டத்து எல்லையைத் தாண்ட இயலாதவனாக இருந்தான்.

இம்முரண்பாடு வெளியிலிருந்து நாம் ஏற்றிச் சொல்வதன்று. விவிலியத்தின் சொல்லாட்சியிலேயே உள்ளது. இயேசு பேசிய அரமேயத்திற் கடனுக்கும் பாவத்திற்கும் ஒரே சொல். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் மன்னிப்பைக் குறிக்கும் சொல்லே விடுதலையையும் குறிக்கும். லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம், ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி ஆண்டில் அடிமைகள் வீடுதிரும்பவும் இழந்த நிலம் உரியவரிடம் மீளவும் விதிக்கிறது. அதற்கான எக்காளம் பாவநிவிர்த்தி நாளிலேயே ஊதப்பட வேண்டும் என்கிறது. பாவம் கழுவப்படும் நாளும் நிலம் திரும்பும் நாளும் ஒன்றே. லூக்கா கூறும் சகேயு என்னும் வரிகொள்வோன் தன் உடைமையிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய்ப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் கூறிய பின்னரே அவன் வீட்டிற்கு மீட்பு வந்ததாக அறிவிக்கப்படுகிறது.

1970களில் இவ்வாசிப்பு கண்டியில் மீண்டும் உயிர்பெற்றது. இயேசு சபையைச் சேர்ந்த போல் காஸ்பர்ஸ் அடிகளார் (1925–2017) 1972இற் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தை நிறுவி, தோட்டத் தொழிலாளரையும் சிங்களக் கிராமத்தவரையும் ஒருங்கே சந்திக்கச் செய்தார். பாவத்தைத் தனிமனித ஒழுக்கத்திலிருந்து சமூக அமைப்புக்கு விரித்தவர்களுள் திஸ்ஸ பாலசூரிய அடிகளாரும் (1924–2013) ஒருவர். சன்மப்பாவம் பற்றிய மரபுவழி விளக்கத்தையும் வினாவுக்குட்படுத்திய அவர் 1997இற் சபைவிலக்கம் செய்யப்பட்டு, 1998இல் மீளச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

சத்தியோதய தோன்றிய சூழல் கவனிக்கத்தக்கது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. கண்டிக் குடியானவர் நிலம் இழந்தது மெய். அக்கடன் தீர்க்கப்பட வேண்டியதே. ஆனால் அதனைத் தீர்த்தவர் யார்? பிரித்தானியக் கம்பனிகள் நட்டஈடு பெற்றன. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்த தொழிலாளரோ பல தோட்டங்களில் வேலையும் லயமும் இழந்தனர். 1973–74இன் உணவு நெருக்கடியிற் பட்டினியால் மடிந்தனர். பத்தாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன், நூறு வெள்ளிக்காசுக்காகத் தன் உடன்வேலையாளின் கழுத்தைப் பிடித்த கதையை மத்தேயு கூறுகிறார். இங்கோ நூறு வெள்ளிக்காசுகூடக் கடன்படாதவன் கழுத்தே நெரிக்கப்பட்டது. மன்னிப்பு என்னும் சொல்லை மலையகத்தில் உச்சரிப்போர் முதலில் யார் யாருக்குக் கடனாளி என்ற கணக்கைச் சரியாக எழுதவேண்டியுள்ளது.

மொழி பற்றிய குறிப்பொன்றையும் ஈண்டு சேர்க்கலாம். இயேசு கற்பித்த செபத்தில், பழைய தமிழ் விவிலியத்தின் மத்தேயு பகுதி 'கடன்' என்றே மொழிபெயர்க்கிறது. லூக்காவோ, இறைவனிடம் பாவமன்னிப்பைக் கேட்டுவிட்டு, நாம் விட்டுக்கொடுப்பதைக் கடனாகவே கூறுகிறார். ஆலயங்களில் ஓதப்படும் செபத்தில் இச்சொல் பெரும்பாலும் 'குற்றம்' ஆகிவிட்டது. 1963 முதல் பிலிமத்தலாவையில் சிங்களத்திலும் தமிழிலும் குருமாணவரைப் பயிற்றிவரும் இலங்கை இறையியற் கல்லூரி போன்ற இடங்களில், இச்சொன்மாற்றத்தின் வரலாறு ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளப்படுமாயின் தமிழியலுக்கும் அது பயன்தரும்.